‘கால்வாய்’ என்று சொல்லத் தயங்கியவர்கள்: சோடியமும் நரம்பும்

நீண்ட பதிவு. நேரமும் பொறுமையும் உள்ள நண்பர்கள் படிக்க.

சென்ற பருவத்தில், ஐதராபாத்தில் நான் ஆய்வு செய்யும் துறையில் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தோம். திரையில் ஒவ்வொரு சொல்லாகத் தோன்றும் வாக்கியங்களைப் பங்கேற்பாளர் படிப்பார். அப்போது மூளையில் எழும் மின்மாற்றங்களைத் தலையோட்டின் மேலிருந்து பதிவு செய்வோம். மின்வாய்கள் பதித்த தொப்பியை ஒரு முதுகலை மாணவியின் தலையில் பொருத்திக்கொண்டிருந்தபோது அவர், “இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார். “சோடியம் கால்வாய்களிலிருந்து” என்றேன். அவர் தலையசைத்தார். சோதனை தொடர்ந்தது.

அந்த விடை பாதி பிழையானது. தலைமேல் பதிவாகும் அலைகள் பெரும்பாலும் நரம்புச் சந்திப்புகளில் மெல்ல எழுந்து அடங்கும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு நரம்பிழையிலும் ஓடும் கூர்மையான துடிப்புகள் அவ்வளவு தொலைவுக்கு எட்டுவது அரிது. இந்தப் பிழையைவிட வேறொன்று என்னை உறுத்தியது. சொற்களின் வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஆனால் நான் எடுத்துச் சொன்ன ‘கால்வாய்’ என்ற சொல் எப்போது, யாரால், எந்தச் சான்றின் பேரில் நரம்பியலுக்குள் வந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. அதன்பின் சில மாதங்கள் தேடிப் படித்ததில் தெளிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், பாடநூல் தரும் சித்திரம். நரம்பணுவின் உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. ஓய்வில் இருக்கும்போது வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால் உட்புறம் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். ஒரு தூண்டல் அந்த எதிர்மின் நிலையைச் சற்றுக் குறைத்தால், சவ்வில் உள்ள சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன. சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. உட்புறம் நேர்மின் நிலைக்குத் தாவுகிறது. ஒரு மில்லி விநாடிக்குள் அந்தக் கால்வாய்கள் தாமாகவே அடைபட்டுவிட, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை மீள்கிறது. இதற்குள் அருகில் உள்ள சவ்வுப் பகுதி தூண்டப்பட்டிருக்கும். துடிப்பு நகர்ந்து செல்லும். இதைத்தான் செயல் மின்னழுத்தம் என்கிறோம்.

இந்தச் சித்திரத்தில் பிழையில்லை. ஆனால் இது ஒரு நேர்க்கோடாகக் கண்டறியப்பட்டது என்ற எண்ணத்தைப் பாடநூல்கள் ஏற்படுத்துகின்றன. அந்த எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. சான்று ஒன்று கண்முன்னே இருந்தும் 45 ஆண்டுகள் எவரும் அதை ஏற்கவில்லை. பிறகு அதை ஏற்றவர்களோ, தாங்கள் கண்டதற்குப் பெயர் வைக்க மறுத்தார்கள்.

1902ஆம் ஆண்டு. உடலியல் ஆய்வுகளை வெளியிட்டுவந்த ‘ஃப்ளூகர்ஸ் ஆர்க்கீவ்’ என்ற ஜெர்மன் இதழின் 92ஆம் தொகுதியில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை எழுதியவர் ஜூலியஸ் பெர்ன்ஸ்டைன். அப்போதே பெரும் பெயர் பெற்றிருந்த மூத்த அறிஞர். ஓய்வுநிலையில் சவ்வு பொட்டாசியத்தை மட்டும் ஊடுருவ விடுகிறது, அதனால்தான் மின்னழுத்தம் தோன்றுகிறது என்பது அவர் கருத்து. துடிப்பு எழும்போது சவ்வு தன் தேர்வுத்திறனை இழந்துவிடுகிறது, எல்லா அயனிகளும் புகுந்து வர மின்னழுத்தம் சுழியத்துக்குச் சரிகிறது என்றார். எளிமையான, அழகான விளக்கம்.

அதே தொகுதியில் எர்னஸ்ட் ஓவர்ட்டன் எழுதிய கட்டுரை வேறொன்றைச் சொன்னது. தவளையின் தசையைச் சர்க்கரைக் கரைசலில் இட்டால் அது சுருங்கும் ஆற்றலை இழக்கிறது. சிறிதளவு சோடியம் உப்பைச் சேர்த்தால் ஆற்றல் திரும்புகிறது. வழக்கமான அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போதும். சோடியத்துக்கு மாற்றாக லித்தியம் பயன்படும், பொட்டாசியம் பயன்படாது. ஆகவே, துடிப்பின்போது வெளியிலுள்ள சோடியம் உள்ளே செல்கிறது, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வருகிறது என்று கொள்ளலாமா என ஓவர்ட்டன் கேட்டார். அத்தோடு நிற்கவில்லை. அப்படியானால் வாழ்நாள் முழுதும் துடிக்கும் இதயத்தில் சோடியம் நிறைந்துபோகாமல் இருப்பது எப்படி என்ற தடையையும் தாமே எழுப்பிக்கொண்டார். அதைத் திரும்ப வெளியேற்றும் ஏதோ ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். சோடியத்தை வெளியேற்றும் நொதியை யென்ஸ் ஸ்கூ இனங்கண்டது 1957இல்தான்.

ஒரே ஆண்டு, ஒரே இதழ், ஒரே தொகுதி. ஒன்று பாடமாயிற்று, மற்றொன்று அடிக்குறிப்பாயிற்று.

ஏன் என்பதற்கு ‘மூத்தவரின் செல்வாக்கு’ என்ற விடையை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஓவர்ட்டனின் முடிவு தசைக்குப் பொருந்தியது, நரம்புக்குப் பொருந்தவில்லை. தவளையின் நரம்பைச் சோடியம் இல்லாத கரைசலில் நெடுநேரம் வைத்திருந்தாலும் அது துடிப்பைக் கடத்திக்கொண்டே இருந்தது. சோடியம் தேவை என்றால் இது எப்படி? இதற்கு விடை 1949இல் சீனாவைச் சேர்ந்த ஃபெங் டெ-பெய், லியூ ஆகியோரிடமிருந்து வந்தது. நரம்புக் கட்டைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு உறை அயனிகளை எளிதில் வெளியே விடுவதில்லை. கரைசலில் சோடியம் இல்லாவிட்டாலும் உறைக்குள் சிக்கிய சோடியம் இழைகளை நனைத்துக்கொண்டிருந்தது. உறையை உரித்தெடுத்தால் விளைவு விரைவிலேயே தெரிந்தது. அரை நூற்றாண்டுத் தாமதத்துக்கு ஒரு மெல்லிய தோல் காரணமாக இருந்திருக்கிறது.

பெர்ன்ஸ்டைனின் பக்கமும் ஒரு புதிர் உண்டு. 1868இல் அவரே உருவாக்கிய கருவியால் நரம்புத் துடிப்பின் வடிவத்தை முதன்முதலில் வரைந்தார். அந்தப் பதிவுகளில் சில, சுழியக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் சென்றன. அதாவது மின்னழுத்தம் சரிவதோடு நில்லாமல் தலைகீழாகப் புரண்டிருந்தது. 34 ஆண்டுகள் கழித்துத் தம் கோட்பாட்டை எழுதியபோது அந்தத் தாண்டலுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. தன் கையால் வரைந்த கோட்டைத் தன் கோட்பாட்டுக்காக ஒருவர் மறக்க முடியும் என்பது, ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் எனக்குக் கொஞ்சம் அச்சம் தரும் செய்தி.

அந்தத் தாண்டல் மீண்டும் தோன்றியது 1939 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வுக்கூடத்தில். அதற்கு வழிவகுத்தது ஊசிக் கணவாய். தப்பி ஓடும்போது உடலின் தசையுறை முழுதும் ஒரே நேரத்தில் சுருங்க வேண்டும் என்பதால், இந்த விலங்கிடம் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த நரம்பிழைகள் உள்ளன. அவை இரத்தக் குழாய்கள் அல்ல, நரம்பிழைகளே என்பதை 1936இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் ஜான் சகரி யங். 25 வயது ஆலன் ஹாட்ஜ்கினும் 21 வயது ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் இந்த இழையின் உள்ளே நீளவாக்கில் ஒரு நுண்ணிய மின்வாயைச் செலுத்தினார்கள். இதற்கு வழி காட்டியதும் ஒரு தோல்விதான். இழையின் உட்பொருள் எவ்வளவு பிசுபிசுப்பானது என்று அறிய அதற்குள் பாதரசத் துளியை விழவிட்டுப் பார்த்தார் ஹக்ஸ்லி. துளி விழவில்லை, உள்ளே இருந்தது கூழ். செங்குத்தாகத் தொங்கவிட்ட இழைக்குள் குழாயைச் செலுத்த முடிகிறதே என்பதைக் கவனித்தபோதுதான், மின்வாயையும் செலுத்தலாம் என்ற எண்ணம் வந்தது.

பதிவில் மின்னழுத்தம் சுழியத்தைத் தொட்டு நிற்கவில்லை. ஏறத்தாழ 40 மில்லிவோல்ட் அளவுக்கு மறுபக்கம் தாவியது. பெர்ன்ஸ்டைன் கோட்பாடு அங்கேயே உடைந்தது. ஒரு சிறு குறிப்பை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார்கள். அதில் விளக்கம் ஏதும் இல்லை. செப்டம்பரில் போர் தொடங்கிவிட்டது. ஹாட்ஜ்கின் விமானங்களுக்கான ரேடார்ப் பணிக்குச் சென்றார்; ஹக்ஸ்லி பீரங்கிகளின் குறிபார்ப்பு தொடர்பான பணிக்குச் சென்றார். பிளிமத் ஆய்வுக்கூடம் 1941 குண்டுவீச்சில் சேதமுற்றது.

இந்தக் கதையில் என்னை மிகவும் நிறுத்திய இடம் இதற்குப் பின்னால் வருகிறது. 1945இல் இருவரும் விரிவான கட்டுரை எழுதினார்கள். தாண்டலுக்கு நான்கு விளக்கங்களை முன்வைத்தார்கள். அந்த நான்கில் சோடியம் இல்லை! கணவாயின் நரம்பிழைக்கு வெளியே கடல்நீர், அதாவது உப்பு. உள்ளே சோடியம் குறைவு. ஓவர்ட்டனின் கட்டுரை 43 ஆண்டுகளாக நூலகத்தில் இருக்கிறது. இருந்தும் அந்த எண்ணம் எழுத்தில் வரவில்லை. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அமெரிக்காவில் கர்ட்டிஸும் கோலும் 1942இல் வெளியிட்ட பதிவு ஒன்றில் துடிப்பின் மொத்த உயரம் 168 மில்லிவோல்ட். உள்ளும் புறமும் உள்ள சோடியம் வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால், மின்னழுத்தம் நேர்ப்பக்கம் ஏறத்தாழ 55 மில்லிவோல்ட்டைத் தாண்ட முடியாது. அந்தப் பதிவோ 110 வரை சென்றிருந்தது. பெருக்கியின் சரிக்கட்டலில் நேர்ந்த மிகை அது என்று பின்னர்த் தெரிந்தது. தவறான ஓர் எண், சரியான ஒரு கருத்தைச் சில ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைத்தது.

1947 கோடையில் ஹாட்ஜ்கின் பெர்னார்டு காட்ஸுடன் பிளிமத் திரும்பினார். காட்ஸ் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி இங்கிலாந்து வந்த யூதர். சோதனை எளிமையானது: கடல்நீரில் சோடியத்தின் ஒரு பகுதியை நீக்கிச் சர்க்கரையால் ஈடுசெய்து, துடிப்பின் உயரம் எவ்வாறு மாறுகிறது என்று பார்த்தார்கள். சோடியம் குறையக் குறையத் தாண்டலும் குறைந்தது, வேகமும் குறைந்தது. கணக்கிட்ட அளவுக்கு மிக நெருக்கமாகவே குறைந்தது. ஓய்வு மின்னழுத்தமோ பெரிதும் மாறவில்லை. 1949இல் இது வெளிவந்தபோது ஓவர்ட்டன் மறைந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சோடியம் உள்ளே பாய்கிறது என்பது உறுதியாயிற்று. எப்போது, எவ்வளவு, எந்த விதிப்படி என்பதே அடுத்த கேள்வி. இங்கே ஓர் இடர்ப்பாடு. ஏரிக்கரை உடைப்பெடுப்பதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள்: பாயும் நீரே உடைப்பை அகலமாக்கும், அகன்ற உடைப்பு மேலும் நீரைப் பாயவிடும். சோடியம் நுழைவால் மின்னழுத்தம் ஏறுகிறது. மின்னழுத்தம் ஏறுவதால் மேலும் சோடியம் நுழைகிறது. இப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் நிகழ்வில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் கென்னத் கோலும் ஜார்ஜ் மார்மான்ட்டும் 1947இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நரம்பிழைக்குள் மின்வாயை இட்டு, சவ்வின் மின்னழுத்தத்தை ஆய்வாளர் விரும்பும் நிலையில் மின்சுற்றின் உதவியால் பிடித்து நிறுத்துவது. சவ்வு எவ்வளவு மின்னோட்டத்தை விடுகிறதோ அதே அளவைக் கருவி ஈடுசெய்யும். அந்த ஈட்டை அளந்தால் சவ்வின் மின்னோட்டம் தெரிந்துவிடும். உடைப்பு எடுத்தாலும் ஏரியின் நீர்மட்டம் மாறாதபடி பார்த்துக்கொண்டு, உடைப்பை மட்டும் அளப்பது போன்றது.

இந்த முறையைக் கோலிடமிருந்து அறிந்து, மேம்படுத்தி, ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி, காட்ஸ் மூவரும் 1949 கோடையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தங்களுக்கு வேண்டிய பதிவுகளில் பெரும்பாலானவற்றை எடுத்து முடித்தார்கள். அவற்றை என்ன செய்வது என்று யோசிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. (ஆய்வேட்டின் தரவு சேகரிப்பை முடித்துவிட்டு அமர்ந்திருக்கும் நண்பர்கள் இந்த விகிதத்தைக் குறித்துக்கொள்க.) வெளிக்கரைசலில் சோடியத்துக்குப் பதில் கோலினை இட்டபோது, தொடக்கத்தில் உள்நோக்கி ஓடும் மின்னோட்டம் மறைந்தது, தாமதமாக வெளிநோக்கி ஓடுவது எஞ்சியது. இவ்வாறு சோடியத்தின் பங்கையும் பொட்டாசியத்தின் பங்கையும் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் மின்னழுத்தத்தாலும் நேரத்தாலும் எப்படி மாறுகிறது என்பதற்குச் சமன்பாடுகள் அமைத்தார்கள்.

அந்தச் சமன்பாடுகள் ஒரு முழுத் துடிப்பை உண்டாக்குமா என்று பார்க்கக் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியைப் பயன்படுத்த எண்ணினார்கள். மாற்றியமைப்புப் பணிக்காக அது ஆறு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி, கையால் சுழற்றும் பிரன்ஸ்விகா கணக்கீட்டு எந்திரத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். நகரும் துடிப்பு ஒன்றைக் கணக்கிட்டு முடிக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. கணக்கு தந்த வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர்; கணவாய் நரம்பிழையில் அளந்த வேகம் விநாடிக்கு 21.2 மீட்டர். ஒரு மாதத்தில் எடுத்த அசையாத அளவீடுகளிலிருந்து, அசையும் ஒரு துடிப்பின் வேகம் ஏறத்தாழ சரியாக வந்துவிட்டது.

1952இல் வெளிவந்த அந்தக் கட்டுரை வரிசையின் இறுதிக் கட்டுரையை மொழியியல் மாணவனாகப் படிக்கும்போது கண்ணில் படுவது, ஆசிரியர்களின் சொல்லடக்கம். சவ்வில் துளை இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் நாடிய சொற்கள் கடத்துதிறன், துகள், இடம் போன்றவை. மின்னேற்றம் கொண்ட ஏதோ சில துகள்கள் சவ்வின் குறித்த இடங்களில் அமையும்போது சோடியம் கடந்து செல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மூன்று துகள்கள் ஒருங்கே அமைந்தால் திறப்பு. நான்காவது ஒன்று அமைவதைப் பொறுத்து அடைப்பு. இந்த ‘மூன்று’ என்பதும் வளைகோட்டுக்குப் பொருந்துகிறது என்பதால் வந்தது. எவரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. சமன்பாடுகள் வெற்றி பெற்றதாலேயே தாங்கள் மனத்தில் கொண்ட இயக்கமுறை மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளக்கூடாது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். 1963இல் நோபல் பரிசு பெற்றபோதும் அந்தத் துகள்கள் யாவை என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த அடக்கத்தை வெறும் பணிவு என்று நான் நினைக்கவில்லை. அப்போது இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஓர் அயனியை ஒரு மூலக்கூறு சுமந்துகொண்டு சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேர்க்கலாம்; ஆற்றைக் கடக்கும் பரிசல் போல. அல்லது சவ்வில் ஒரு வழி திறந்து, அயனிகள் தாமே ஓடிக் கடக்கலாம், கால்வாய் போல. அளந்த மின்னோட்டங்கள் இரண்டுக்கும் இடம் தந்தன. இவற்றில் ஒன்றின் பெயரை அன்றே வைத்திருந்தால், அடுத்த பதினைந்து ஆண்டுகளின் வாதம் முடிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணியிருப்பார்கள். பெயர் வைக்காமல் விட்டதால் கேள்வி உயிரோடு இருந்தது.

அந்தக் கேள்வியைத் தீர்க்க உதவியது ஒரு நஞ்சு. பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சைப் பற்றி ஜப்பானியரும் சீனரும் நெடுங்காலமாக அறிவார்கள். 1774இல் நியூ கலடோனியாவில் கப்பலை நிறுத்திய கேப்டன் குக், அறியாமல் அதன் ஈரலைச் சுவைத்துவிட்டுக் கைகால் மரத்துப்போய், எடையுள்ள பொருளுக்கும் இறகுக்கும் வேறுபாடு தெரியாத நிலைக்கு ஆளானார். உள்ளுறுப்புகளைத் தின்ற பன்றி இறந்துபோயிற்று. 1909இல் தஹாரா யோஷிசுமி இந்த நஞ்சுக்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயரிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, தோஷியோ நரஹாஷி சிறிதளவு நஞ்சை ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வந்தார். அங்கே ஜான் மூர், வில்லியம் ஸ்காட் ஆகியோருடன் சிங்கி இறாலின் நரம்பிழையில் மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்திச் சோதித்தார். மிக நீர்த்த கரைசலிலேயே சோடியம் மின்னோட்டம் முற்றும் நின்றது. பொட்டாசியம் மின்னோட்டம் அசையாமல் இருந்தது. 1964இல் முடிவுகள் வெளியாயின. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணக்கால் பிரித்ததை நஞ்சு கண்ணெதிரே பிரித்துக் காட்டியது. இரண்டு அயனிகளுக்கும் வழிகள் வெவ்வேறு.

ஆனால் நஞ்சின் பெரும்பயன் இதுவன்று. ஒரு நஞ்சு மூலக்கூறு ஒரு வழியை அடைக்கிறது என்று கொண்டால், எத்தனை நஞ்சு மூலக்கூறுகள் உறிஞ்சப்பட்டன என்பதிலிருந்து வழிகளை எண்ணிவிடலாம். 1967இல் மூர், நரஹாஷி, ஷா மூவரும் இதைச் செய்தார்கள். சிங்கி இறால் நரம்பின் சவ்வில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 13க்கு மேல் இல்லை என்பது விடை. மிகக் குறைவான எண்ணிக்கை. (வேறு நரம்புகளில் இது பன்மடங்கு என்பது பின்னர்த் தெரிந்தது.) இவ்வளவு சில இடங்கள் வழியாக அவ்வளவு பெரிய மின்னோட்டம் ஓடவேண்டும் என்றால், ஒவ்வோர் இடத்திலும் நொடிக்குக் கோடிக்கணக்கில் அயனிகள் கடந்தாக வேண்டும். பரிசல்கள் அவ்வளவு விரைவாக அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வர முடியாது. அந்தக் கட்டுரையின் தலைப்பு, நரம்புச் சவ்வில் உள்ள சோடியம் கால்வாய்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு பற்றியது. ‘சோடியம் கால்வாய்’ என்ற சொல் தலைப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் தலைப்பின் இறுதியில் ஒரு வினாக்குறி இருக்கிறது. அந்த வினாக்குறியை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதன்பின் சொல் வேகமாகப் பரவியது. எத்தனை பெரிய அயனி வரை அந்த வழியில் நுழைகிறது என்று வெவ்வேறு சேர்மங்களைக் கொண்டு சோதித்த பெர்ட்டில் ஹில், 1971இல் அதன் குறுகலான பகுதி ஏறத்தாழ 3க்கு 5 ஆங்ஸ்ட்ராம் என்று கணித்தார். அளவு சொல்ல முடிகிற ஒன்றைத் துளை என்று அழைக்கத் தயங்குவானேன்? கிளே ஆம்ஸ்ட்ராங்கும் ஃபிரான்சிஸ்கோ பெசனிய்யாவும் 1973இல், சோடியம் பாயத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சவ்வுக்குள்ளேயே மின்னேற்றங்கள் இடம் மாறுவதால் எழும் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பிடித்துவிட்டார்கள். 1952இல் ஊகித்த துகள்களின் அசைவு அது. எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் உருவாக்கிய நுண்குழாய் முறையில், ஃபிரெட் சிக்வொர்த்தும் நேயரும் 1980இல் தனித்த ஒரு சோடியம் கால்வாய் திறந்து மூடுவதைப் பதிவு செய்தார்கள். ஒரு பிகோ ஆம்பியருக்குச் சற்று மேல், சுமார் ஒரு மில்லி விநாடி. நொடிக்கு ஒரு கோடி அயனிகள் என்ற கணக்குக்கு அது ஒத்திருந்தது. வினாக்குறிக்கு வேலை முடிந்தது.

1984இல் கியோட்டோவில் ஷோசாகு நுமாவின் குழு மின்விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து சோடியம் கால்வாயின் மரபணுவைப் படித்தது. 1820 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீண்ட புரதம். அதில் ஒன்றையொன்று ஒத்த நான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு துண்டில், மூன்றுக்கு ஒன்றாக நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாக நின்றன. மின்னழுத்தத்தை உணரும் துகள்கள் அவையே. முதல் மூன்று பகுதிகள் திறப்போடும் நான்காவது அடைப்போடும் கூடுதலாகத் தொடர்புடையவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பிரன்ஸ்விகா எந்திரத்தில் ஹக்ஸ்லி சுழற்றிய அந்த ‘மூன்றும் ஒன்றும்’ நினைவுக்கு வராமல் போகாது. இதை முன்னறிவு என்று கொண்டாடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொட்டாசியத்துக்கு அவர்கள் எடுத்த அடுக்கு நான்கு. இன்னும் உயர்ந்த அடுக்கு கூடுதலாகப் பொருந்தும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தரவுக்கு நேர்மையாக இருந்தார்கள் என்பதே போதிய பாராட்டு.

பாக்டீரியாவின் சோடியம் கால்வாய் ஒன்றின் படிக அமைப்பை 2011இல் வில்லியம் காட்டராலின் குழுவும், மின்விலாங்கின் கால்வாய் வடிவத்தை உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியால் 2017இல் நியங் யானின் குழுவும் வெளியிட்டன. இன்று அதை முப்பரிமாணத்தில் திரையில் சுழற்றிப் பார்க்கலாம்.

இதெல்லாம் சொல்லாராய்ச்சிதானா என்று கேட்பவர்களுக்காக ஒரு நிகழ்வு. மனிதரிடம் இந்தக் கால்வாயில் ஒன்பது வகைகள் உள்ளன. அவற்றில் ஒன்று வலியை உணரும் நரம்புகளில் மிகுதி. 2006இல் ஜெஃப்ரி வுட்ஸும் சக ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில், வடபாகிஸ்தானைச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் அந்த வகைக்கான மரபணு பழுதடைந்திருப்பதை விவரித்தார்கள். அந்தக் குடும்பங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தொடுதல் தெரியும், வெப்பமும் குளிரும் வேறுபடும். வலி மட்டும் தெரியாது. தேடல் தொடங்கியது ஒரு சிறுவனிடமிருந்து. தெருவில் கூட்டம் கூட்டித் தன் கைகளில் கத்தியைச் செருகிக் காட்டியும் எரியும் கரியின் மேல் நடந்தும் பணம் ஈட்டிவந்தவன் அவன். ஆய்வாளர்கள் அவனைச் சந்திக்க முடியவில்லை. பதினான்காம் பிறந்தநாளுக்கு முன்பே, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோயிருந்தான். பல் மருத்துவர் ஊசி வழியே செலுத்தும் லிடோகெய்ன் சிறிது நேரம் அடைப்பதும் சோடியம் கால்வாய்களையே. அந்தச் சிறுவனிடம் அவற்றில் ஒரு வகை பிறப்பிலிருந்தே வேலை செய்யவில்லை.

இனி, சொல் பற்றி. தமிழில் ‘கால்’ என்பதற்கே நீர் ஓடும் வழி என்ற பொருள் உண்டு. ‘வாய்க்கால்’, ‘கால்வாய்’ இரண்டும் அதே இரு உறுப்புகளின் இடமாற்றம். முன்னதை வயலுக்குச் செல்லும் சிறிய வழிக்கும் பின்னதைப் பெரியதற்கும் இன்று வழங்குகிறோம். இரண்டிலும் ஒரு குறை உள்ளது. கால்வாய்க்குக் கதவில்லை. இந்தப் புரதத்தின் சிறப்போ திறப்பதிலும் அடைப்பதிலும்தான் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே குறை உண்டு. அதனால்தான் அங்கே வாயில் என்ற உருவகத்தைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. நீரைத் தேக்கவும் விடவும் பயன்படும் வழிக்குத் தமிழில் ‘மடை’ என்று நல்ல சொல் இருக்கிறது. மடை திறந்தது என்றால் ஒரே சொல்லில் பாய்ச்சலும் கதவும் வந்துவிடுகின்றன. ஆயினும் ‘கால்வாய்’ புழக்கத்தில் ஊன்றிவிட்டதால் இப்பதிவில் அதையே எழுதினேன். ‘சோடியம் மடை’ என்று எழுதத் துணிந்த நண்பர்கள் எவரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

அந்த மாணவிக்குச் சென்ற வாரம் சரியான விடையை மின்னஞ்சலில் அனுப்பினேன். நரம்புச் சந்திப்புகளில் எழும் மின்னோட்டம் பற்றி இரண்டு பத்தி. பதிலாக, “அப்படியானால் சோடியம் உள்ளே வருவதே இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். வருகிறது, ஆனால் அங்கே வேறொரு வகைக் கதவின் வழியாக. அதற்கு இன்னொரு பதிவு வேண்டும்.